மீனா, கருவாடா

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் ஆறு விக்கெட் எடுத்தான்.
பெயரைச் சொல்ல மாட்டேன், இன்னும் விற்கவில்லை.

அவன் கையெழுத்துப் போட்ட அட்டை,
ஐம்பதில் பதினேழாவது,
எண்பது ரூபாய் பாக்கெட்டில்
ஏழு உதவாக்கரைகளுக்கு நடுவே எனக்கு வந்தது.
மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நமக்கு.
பழக்கதோஷத்தில் லேமினேஷன் மெஷின்வரை கொண்டுபோய்
நல்லவேளை, கையை இழுத்துக்கொண்டேன்.

ஏலமா, விலையா என்று கேட்டது ஆப்.
இரண்டு வட்டம். ஒன்றைத்தான் தொடலாம்.

அஞ்சலாட்சி அப்போதுதான்
முதுநகர் துறைமுகத்திலிருந்து வந்திருந்தாள்,
கூடையில் சங்கரா, கணுக்காலில் செதில்.
"மீனு காத்திருக்காது, அதனால ஏலம்.
கருவாடு காத்திருக்கும், அதுக்கு வெல வெக்கலாம்.
உன் அட்டை எது?"
அட்டைக்கு நாற்றம் கிடையாது என்றேன்.
"அது இன்னும் மோசம்.
கெட்டுப்போனா எப்படித் தெரியும்?"

அன்றிரவு தூங்கவில்லை.
நாலாயிரம் என்று விலை போட்டால்
ஆறாயிரம் வைத்திருக்கிறவன் வாங்கிக்கொண்டு சிரிப்பான்,
அது கடலூர்வரை கேட்கும்.
ஒரு ரூபாயில் ஏலம் தொடங்கி
ஒரு ரூபாயிலேயே நின்றுவிட்டால்?
போலீஸ் ஏலத்தில் அப்படி ஒருவன் சைக்கிள் எடுத்ததை
நான் அறிவேன்.
நான்தான் எடுத்தேன்.

ஆறு விக்கெட்டின் ஈரம் காய்வதற்குள் என்று
ஏலத்தையே தொட்டேன். ஏழு நாள்.

துறைமுகத்தில் ஏலம் விடுகிறவர் ஆளின் கண்ணைப் பார்ப்பார்.
ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் இடையில்
யாரோ எச்சில் விழுங்குவது தெரிந்தால்
மூணை நாக்கிலேயே நிறுத்திவைப்பார்.
இங்கே கடிகாரம் மட்டும்.
அதற்கு எவன் தொண்டையும் தெரியாது.

புதன், நூற்று நாற்பது.
வெள்ளி, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. ராய்ப்பூர் ஒருவர், கோட்டயம் ஒருவர்.
சனி, இரண்டாயிரத்து முந்நூறு.
அதற்குமேல் அசையவில்லை.

தேசிங்குவிடம் சொன்னேன்.
ஆமாம், நான்தான் சொன்னேன்:
லேசா ஏத்திவிடுடா.
வண்டிப்பாளையத்தில் பேட்டரிக் கடையில் உட்கார்ந்தபடி
கட்டைவிரலால் ஏற்றினான். கோட்டயம் கூட ஏறியது.
ஏற்றினான், ஏறியது.
மூவாயிரத்து அறுநூறு வந்ததும் போதும் என்று போன் போட்டேன்,
எடுக்கவில்லை.
ஏலத்தில் இருக்கிற கை
எந்தப் போனையும் எடுக்காது போல.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில்
கோட்டயம் போய்ப் படுத்துக்கொண்டது.

வாழ்த்துகள், உங்கள் அட்டை விற்றுவிட்டது.
வாங்கியவர் ஊர்: கடலூர்.

பத்து சதவீதம் கமிஷன், முந்நூற்றுத் தொண்ணூறு.
"ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்" என்றான் தேசிங்கு,
ஜெயித்தவன் குரலில்.
கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலாட்சி
"தொறமுகத்துல இதுக்கு ஒரு பேர் இருக்கு" என்றாள்.
என்ன பேர் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை பையனுக்குத் தொடையில் சதை பிடித்துக்கொண்டது.
ஆறு வாரம் ஓய்வாம்.

இப்போது இரண்டாவது வட்டத்தைத் தொட்டிருக்கிறேன்.
நிலையான விலை, இரண்டாயிரத்து அறுநூறு.
காலையில் ஒரு தடவை, கரண்ட் போய் வந்தால் ஒரு தடவை
போய்ப் பார்க்கிறேன்,
காயப்போட்டதைக் காக்கா கொத்தியதா என்று.
கொத்தவில்லை.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு செய்தி.
"இது போன வாரம் விற்றுப்போனது அல்லவா?
அதே பதினேழு."
கோட்டயத்துக்காரர்.

வேறு அட்டை என்று அடித்தேன். அழித்தேன்.
வாங்கியவர் பணம் கட்டவில்லை என்று அடித்தேன்,
அது முழுப் பொய்யும் இல்லை, அழித்தேன்.
மொட்டைமாடியில் அஞ்சலாட்சி
விற்காத சங்கராவைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள்.
அட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
கோட்டயம்வரை அடித்திருக்கிறது.